பதினோரு பாட்டும் முடிவும்

அழகுமலையான் துணை

உடுமலைப்பேட்டைக்குப் பக்கம்
9.6.2024, ஞாயிறு

என் தங்க அம்மிணி யாழினிக்கு,

உன் ஒரே தாய்மாமன் லிங்கசாமி எழுதுவது. நான் இங்கே ராஜபோகத்தில் இருக்கிறேன். நீயும் அக்காவும் மச்சானும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

என்னை இங்கே விட்டுவிட்டுப் போகும்போது உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். அழுவதற்கு என்ன இருக்கிறது? இந்த இல்லத்தில் இடம் கிடைக்கப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். சுற்றிலும் தென்னந்தோப்பு. ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள். நாமே எழுந்துபோய்ச் சாத்துகிற சிரமம்கூட இல்லை. கேட்டுக்கு எந்நேரமும் பூட்டு. வெளியே போகிறவன் ஆசைப்பட்டு உள்ளே வந்துவிடக் கூடாதே என்றுதான். போன், வாட்ச், பெல்ட்டு எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். திருட்டு பயமே கிடையாது.

கடிதம் மட்டும் எழுதலாம். வார்டன் செந்தில்வேல் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். என் நடை அவருக்கு அவ்வளவு பிடித்துப் போய்விட்டது. (வணக்கமுங்க சார்.)

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. மதிலுக்கு அந்தப் பக்கம் காற்றாலை. அது சுற்றுகிற சுற்றில் மேசை, பேனா எல்லாம் நடுங்குகின்றன. மற்றபடி என் கை உனக்குத் தெரியாதா, நாற்பது அடுக்குத் துணியைப் பென்சில் கோடு போடாமல் வெட்டிய கட்டிங் மாஸ்டர் கை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சினிமா உண்டு. என்ன படம் தெரியுமா? "வாடகை மாமன்". கறுப்பு வெள்ளை, பதினோரு பாட்டு, வயிறு புண்ணாகிற சிரிப்பு. எல்லா வாரமும் இதே படம்தான். மற்ற படங்களில் எங்காவது ஓரிடத்தில் பாட்டிலும் டம்ளரும் வந்துவிடுகிறதாம். அது எங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதென்று தேடித்தேடி இதைப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு காட்சிகூடப் புதிதில்லை. இந்தப் படம் திருப்பூரில் முதல் நாள் ஓடியபோது முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

உன் கல்யாணப் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது? மணையில் உன் நெற்றிக்குப் பட்டம் கட்டுவது தாய்மாமன் உரிமை, மாமன் தயார் என்று அக்காவிடம் சொல்.

உன் பதில் வரும் திசையையே பார்த்திருக்கும்,
மாமன் லிங்கசாமி

•

திருப்பூர்
20.6.2024

அன்பு மாமாவுக்கு,

யாழினி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா? அதை எழுதவே இல்லையே.

கம்பெனியில் ஐரோப்பா ஆர்டர் ஒன்று கழுத்தை நெரிக்கிறது. ஒரே டி-சர்ட்டின் நீலத்தை ஆறு முறை மாற்றச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் தாமதம்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உங்க மாமனுக்கு வாய் மட்டும் கொறையவே கொறையாது. படம் வந்தப்ப இவன் பொறக்கவே இல்லையே, எந்த முன் வரிசைல உக்காந்தானாம்?" என்று கேட்டார். நானும் அதையே கேட்கிறேன்.

பிறகு, "குடிய அறவே உட்டுட்டு, ஆறு மாசம் முழுசா இருந்துட்டுத்தான் வரோணும். நாந்தான் கையெழுத்துப் போட்டிருக்கறேன், நான் போனாத்தான் கேட்டத் தொறப்பாங்க. அதையும் எழுதிப்போடு" என்றார். எழுதிவிட்டேன். போன தை மாதம் பெரியப்பா மகன் கல்யாணத்தில் நீங்கள் மணவறை மேலேயே சாய்ந்து, வாழைமரம் முறிந்து விழுந்ததை அம்மாவால் இன்னும் மறக்க முடியவில்லை.

மூலனூரில் ஒரு இடம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பெயர் சசிகுமார். முருங்கைக்காய் மண்டி வைத்திருக்கிறார்கள். ஆவணிக்குள் முடிக்க வேண்டுமென்று அவசரப்படுகிறார்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா.

யாழினி

•

அழகுமலையான் துணை

உடுமலைப்பேட்டைக்குப் பக்கம்
23.6.2024

முருங்கை மண்டிச் சீமாட்டி ஆகப்போகும் என் அம்மிணிக்கு,

சுகமாக இருக்கிறேன். தூக்கமா? கும்பகர்ணன் இங்கே வந்து என்னிடம் பாடம் கேட்க வேண்டும். நடுவில் எழுந்து உட்கார்ந்துகொள்வதெல்லாம் காற்றாலையின் நிழல் அழகாக இருக்கிறதே என்று பார்ப்பதற்குத்தான்.

பிறக்காதவன் எப்படிப் படம் பார்த்தான் என்று கேட்கிறாள் உன் அம்மா. அம்மா வயிற்றுக்குள் இருந்து பார்த்தேன்! நிறைமாதத்தில் உன் அம்மாயி காங்கேயம் ரோட்டு டூரிங் கொட்டகைக்குப் போனாள். மணல் குவித்து முன்னால்தான் உட்கார்ந்தாள். நான்காவது பாட்டு வந்ததும் நான் உள்ளே தாளம் போட ஆரம்பித்துவிட்டேன். "வயித்துல இருக்கறது பொண்ணில்ல, பாகவதர்"னு பக்கத்தில் இருந்த கிழவி அப்போதே சொல்லிவிட்டாளாம். அதனால்தான் நான்காவது பாட்டு என்னுடையது.

வாழைமரத்தை நான் முறிக்கவில்லை. அது சாயப் பார்த்தது. மாப்பிள்ளை தலையில் விழாமல் நான் தாங்கினேன். தாங்கியவன் மேல் பழி.

கதையைச் சொல்கிறேன், கேள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. தாய்மாமன் மாலை போட்டால்தான் தாலி என்கிறது மாப்பிள்ளை வீடு. அவளுடைய ஒரே மாமன் கப்பலில் சமையல்காரனாகப் போனவன், தகவல் இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு நாடகப் பாடகனை நான்கு நாளைக்கு மாமனாக வாடகைக்குப் பிடிக்கிறாள். அவனுக்குக் குடும்பத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "உங்க தாத்தா பேர் என்ன?" என்று யாராவது கேட்டால் உடனே பாட்டு! "கொழுந்தியாளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது?" என்றால் பாட்டு! மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பாடியே தப்பிக்கிறான். பாட்டெல்லாம் இப்படி வந்ததுதான். சும்மா மரத்தைச் சுற்றுகிற பாட்டு ஒன்றுகூட இல்லை. கடைசியில் கல்யாணத்தன்று நிஜ மாமன் கப்பலில் இருந்து வந்து பந்தல் வாசலில் நிற்கிறான். "நீ மாமனா இருந்தா எங்கே, பாடு பார்க்கலாம்" என்கிறது ஊர். அவன் வாயைத் திறக்கிறான்.

அந்த இடத்தில் மணி அடித்துவிடும்.

ஆமாம். இங்கே நாலரைக்கு மணி. டி.வி.யை அணைத்துவிட்டு, எல்லோரும் வரிசையில் நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். இன்னும் ஐந்து நிமிஷம் என்று கெஞ்சினாலும் செந்தில்வேல் சார் விடமாட்டார். விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் போடலாமே என்பாய். புதிதாக வந்தவன் முதலிலிருந்து வேண்டுமென்பான். ஒரே ஒரு பாட்டைத் தள்ளிவிட்டால் போதும், முடிவைப் பார்த்துவிடலாம். வாராவாரம் கை தூக்கி ஓட்டெடுப்பு நடக்கிறது. எந்தப் பாட்டைத் தள்ளுவது? ஒவ்வொரு பாட்டுக்கும் இங்கே ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். அவிநாசியில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த தீனதயாளனுக்கு ஏழாவது பாட்டு. "ஏழத் தொட்டீங்கன்னா நான் சோறு திங்க மாட்டேனுங்க" என்கிறார். அது முழுக்க முழுக்கச் சிரிப்புப் பாட்டு. அதற்கு அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுகிறார். இல்லம் தொடங்கின நாளில் இருந்து இதுதான் கதையாம். இங்கே ஒருவருக்கும் முடிவு தெரியாது, என்னைத் தவிர. நான் வாரத்துக்கு ஒரு முடிவு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆவணிக்கு ஒரு நாள் லீவு கேட்டால் கொடுப்பார்கள். அக்கா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேதியை எழுது.

பட்டம் கட்டும் கையோடு,
மாமன்

•

அழகுமலையான் துணை

உடுமலைப்பேட்டைக்குப் பக்கம்
14.7.2024

அம்மிணிக்கு,

உன் கடிதம் தபால்காரரின் பையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. பரவாயில்லை. நான் நலம். நேற்று எடை பார்த்தார்கள். பயில்வான் எடை என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். உன் வேலை எப்படிப் போகிறது? நீலம் சரியாக வந்ததா?

தீனதயாளனை அவர் சம்சாரம் வந்து கூட்டிப்போனாள். கேட்டைத் திறந்தபோது நாங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் அடித்தான், போய்விட்டார். அன்றைக்கு ஏழாவது பாட்டைத் தள்ளிவிடலாம் என்று ஒருவன் சொன்னான். உரிமையாளர்தான் இல்லையே! ஆனால் ஒருவருக்கும் கை எழவில்லை. முழுப் பாட்டும் ஓடியது. அவர் நாற்காலியைக் காலியாக விட்டு வைத்திருந்தோம்.

பத்து நாளில் திரும்பி வந்துவிட்டார். சம்சாரம் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு. மறு ஞாயிறு சட்டை பட்டனைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "படத்துக்காகத்தானுங்க வந்தேன்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு முதல் பாட்டு வந்தது, எல்லோரும் சிரித்தோம்.

யோசித்துப் பார்த்தேன். அறுபது வருஷத்துப் படம். நடித்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் ஏன் சிரிப்பு வருகிறது? அந்த வாடகை மாமன் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று நமக்குத் தெரியும். மாட்டாமல் தப்பிக்கவும் போகிறான் என்றும் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு என்ன சுகம் தெரியுமா? செந்தில்வேல் சாரே பின்னால் கதவோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொள்கிறார். நான் பார்த்தேன். (தப்பா நினைக்காதீங்க சார்.)

தேதி முடிவாகிவிட்டதா? ஆவணி நெருங்குகிறது.

மாமன் லிங்கசாமி

•

திருப்பூர்
22.7.2024

அன்பு மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. எல்லோரும் நலம். உடம்பு தேறி வருவது சந்தோஷம்.

ஒன்று சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்ற வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணோட தாய்மாமனைக் காணோமே, ஊருல இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டார். சபையே அம்மாவைப் பார்த்தது. அப்பா விட்டத்தைப் பார்த்தார். அம்மா சட்டென்று, "அவன் எத்தியோப்பியாவுல இருக்கறானுங்க. அங்க ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனில பெரிய வேலை" என்று சொல்லிவிட்டார்.

எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. நான் காபி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா.

யாழினி

•

அழகுமலையான் துணை

எத்தியோப்பியா
28.7.2024

அம்மிணிக்கு,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்தாயா? நேற்று மாலை விமானத்தில் வந்து இறங்கினேன்.

கோபமா? உன் அம்மாவுக்கு இவ்வளவு கற்பனை இருக்கும் என்று தெரிந்திருந்தால் அவளையும் சினிமாவுக்குக் கதை எழுத அனுப்பியிருப்பேன். ஆனால் அரைகுறையாகச் சொல்லிவிட்டாளே! அந்த அத்தை மறுபடியும் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எழுதி வைத்துக்கொள். நான் அங்கே ஜெனரல் மேனேஜர். எனக்குக் கீழே நான்காயிரம் தையல் மிஷின். அங்கே காபி பிரமாதம். காபி பிறந்த ஊரே அதுதான் என்று தீனதயாளன் சொல்கிறார். அவர் தம்பி நிஜமாகவே அங்கே போய் இரண்டு வருஷம் இருந்து வந்தவன். புளித்த மாவில் தோசை மாதிரி பெரிதாக ஒன்று ஊற்றி, அதன் மேலேயே குழம்பை வைத்து, எல்லோரும் ஒரே தட்டில் பிய்த்துச் சாப்பிடுவார்களாம். வருஷத்துக்குப் பதிமூன்று மாதமாம்! "அதனால மாமாவுக்குப் பதிமூணு சம்பளம்"னு சொல். அத்தை வாய் பிளந்துவிடுவாள்.

போன் பண்ணலாமே என்று கேட்டால், கம்பெனிக்குள் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள் என்று சொல். அது ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும்.

அங்கே இருந்து ஒரு நாள் லீவில் வர முடியாதுதான். டிக்கெட் கிடைப்பது கஷ்டம்.

எல்லோருடைய உடம்பையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

ஜெனரல் மேனேஜர்,
லிங்கசாமி

•

திருப்பூர்
18.8.2024

அன்பு மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இங்கே வீடு முழுக்க வெள்ளையடித்த வாசனை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குகிறார்.

பத்திரிகை அடித்துவிட்டார்கள். ஆவணி 30, செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். காங்கேயத்தில் மண்டபம்.

அம்மாவிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, "அவன் குடிக்காம நெதானமா வந்து நின்னா எனக்கு வலிக்குதா? நிக்கோணுமே" என்றார். இரண்டாம் முறை பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, கையில் பாத்திரம் எதுவும் இல்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அம்மாவின் சித்தப்பா மகன் பிரபாகர் மாமாதான் பட்டம் கட்டப் போகிறார். அவருக்கு முறை தெரியாது, நிட்டிங் மிஷின் மட்டும்தான் தெரியும் என்று அவரே சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா, படத்தில் கடைசியில் என்னதான் ஆகும்? அம்மாவிடம் கேட்டேன். "யாருக்குத் தெரியும்? நிஜ மாமன் வாயத் தொறக்கறப்ப கடைசி பஸ்ஸுக்கு ஓடியாந்துருவோம். எங்க ஊர்க்காரங்க ஒருத்தர்கூட முடிவப் பாத்ததில்ல, உங்க மாமனும்தான்" என்கிறார். போனில் தேடினால் கிடைக்கும். ஆனால் எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும். வாராவாரம் சொல்கிற முடிவு வேண்டாம். நிஜமான முடிவு.

யாழினி

•

அழகுமலையான் துணை

உடுமலைப்பேட்டைக்குப் பக்கம்
1.9.2024

கல்யாணப் பெண்ணுக்கு,

உன் மாமன் மலை போல இருக்கிறேன். பத்திரிகையில் என் பெயரைப் போட்டிருக்கிறார்களா? "எத்தியோப்பியா" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

நீ நிஜமான முடிவைக் கேட்டாய். இன்றைக்குப் படம் போடுவதற்கு முன்னால் எழுந்து நின்றேன். "எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க அக்கா பொண்ணுக்கு முடிவு தெரியோணுமாம். ஒரு பாட்டத் தள்ளோணும்" என்றேன். ஒரே கூச்சல். "யாரு பாட்டு?" என்றார்கள். "எம் பாட்டு, நாலாவது" என்றேன். எழுந்து நின்றவர்களெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். தீனதயாளன் மட்டும், "லிங்கண்ணா, வயித்துக்குள்ள இருந்தே கேட்ட பாட்டுங்களே" என்றார். "கேட்டது போதுமுங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். செந்தில்வேல் சார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பட்டனை அமுக்கினார். நான்காவது பாட்டு கரகரவென்று ஓடி மறைந்தது. பாடகனின் வாய் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

முடிவைப் பார்த்தோம். சொல்கிறேன்.

நிஜ மாமன் பந்தல் வாசலில் நிற்கிறான். பாடு என்கிறார்கள். வாயைத் திறக்கிறான். அதற்குள் பந்தலுக்குள் இருந்து வாடகை மாமனின் பாட்டு கேட்கிறது. எட்டிப் பார்க்கிறான். அவன் மாலை போடுகிற அழகும், பெண் முகத்தில் இருக்கிற சிரிப்பும்! நிஜ மாமன் திறந்த வாயை மூடிக்கொள்கிறான். "மன்னிக்கோணும், கல்யாணம் மாறி வந்துட்டேன்" என்று வாசலில் இருந்தவனிடம் சொல்கிறான். போகிறவன் சும்மா போகிறானா? நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாவது தடவை வாங்கிக் குடித்து, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போகிறான். அவ்வளவுதான், வணக்கம். இங்கே சிரித்த சிரிப்பில் ஓடு பறந்துவிட்டது. தீனதயாளன் அழுதார், அவர் எதற்கும் அழுவார்.

பார்த்தாயா? மாலை விழ வேண்டிய நேரத்தில் விழுந்தால் போதும். யார் கை என்பது ஒரு விஷயமே இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். நீ மணையில் உட்கார்ந்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்காதே. போட்டோவில் கழுத்து கோணலாக விழும்.

பிரபாகரிடம் சொல். பட்டத்தின் கயிற்றைக் காதுக்கு மேலே கட்டக் கூடாது, நழுவும். சடைக்குக் கீழே கொண்டுபோய், ஒரு சுற்றுச் சுற்றி, இழுத்துக் கட்ட வேண்டும். பனியன் துணி மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்: இழுத்தால்தான் நிற்கும், ரொம்ப இழுத்தால் சுருண்டுவிடும்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கும் படம் உண்டு.

நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு.

மாமன் லிங்கசாமி

•

மூலனூர்
29.9.2024

அன்பு மாமாவுக்கு,

புதிய முகவரியில் இருந்து யாழினி. நான் நன்றாக இருக்கிறேன். இவர்களெல்லாம் நல்ல மாதிரி. காலையில் மண்டிக்கு முருங்கைக்காய்க் கட்டு வந்து இறங்குகிற சத்தத்தில்தான் விழிப்பு வருகிறது. மாமியார் என்னைச் சமையலறையை விட்டு நகரவிடுவதில்லை, நான் அங்கே ஒன்றும் செய்யவும் விடுவதில்லை. வேலைக்குப் போவது பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

கல்யாணம் முடிந்தது. நீங்கள் சொன்னதை எல்லாம் பிரபாகர் மாமாவிடம் சொன்னேன். பாவம், கேமராவைப் பார்த்ததும் மறந்து காதுக்கு மேலேயே கட்டிவிட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் பட்டம் நழுவி மூக்கு வரை வந்துவிட்டது. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குள்ளே கண் நிறைந்துவிட்டது. பட்டம் மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பந்தியில் இவருடைய அத்தை எத்தியோப்பியாவைப் பற்றிக் கேட்டார். பதிமூன்று மாதம் என்றேன். நீங்கள் சொன்னபடியே வாய் பிளந்தார்.

போன வாரம் இவரோடு உட்கார்ந்து போனில் "வாடகை மாமன்" பார்த்தேன். இவர் மூன்றாவது பாட்டுக்குக் கட்டிலை விட்டே விழுந்துவிட்டார். நான்காவது பாட்டில் நான் நிறுத்தி, திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

பிறகு முடிவு வந்தது.

நீங்கள் எழுதிய முடிவு படத்தில் இல்லை மாமா. நிஜ மாமன் வாயை மூடுவதே இல்லை. பாடுகிறான். தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல். ஊர் கைகொட்டிச் சிரிக்கிறது. மணையில் இருந்த பெண் அந்தக் கட்டைக் குரலைக் கேட்டதும் எழுந்துவிடுகிறாள். மாப்பிள்ளை வீட்டார் தடுக்கத் தடுக்க, மாலையோடு பந்தலைத் தாண்டி வாசலுக்குப் போய், கையைப் பிடித்துக் கூட்டி வருகிறாள். வாடகை மாமனே மாலையை எடுத்து அவன் கையில் கொடுக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிறார்கள், ஒருவன் சுதியோடு, ஒருவன் சுதியில்லாமல். அதுதான் பதினோராவது பாட்டு.

அந்தப் பெண் எழுந்து போனாள் மாமா. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

படம் முடிந்த பிறகும் நான் போனைக் கீழே வைக்காததைப் பார்த்து, "என்னாச்சு?" என்று இவர் கேட்டார். "எத்தியோப்பியா உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துலதான் இருக்குதுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தப்பாகப் போய்விட்டதோ என்று படுத்திருந்தேன். கொஞ்சம் கழித்துப் போர்வைக்குள் இருந்து சத்தம் வந்தது: "பதிமூணு சம்பளம்னு எங்க அத்தை ஊரெல்லாம் சொல்லீட்டு இருக்குது." சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம பாக்க உடுவாங்களா?" என்றார்.

அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். உங்களைக் கூட்டி வர முடியாது. அம்மா டிசம்பர் வரைக்கும் அசையமாட்டார். பார்க்க மட்டும்தான் முடியும்.

இன்னொன்று. உங்கள் போன கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுத்து ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. காற்றாலை நின்றுவிட்டதா?

யாழினி

•

அழகுமலையான் துணை

உடுமலைப்பேட்டைக்குப் பக்கம்
6.10.2024

மூலனூர் மருமகளாகிவிட்ட என் அம்மிணிக்கு,

உன் கடிதம் கிடைத்து, மனம் குளிர்ந்தேன். என் உடம்புக்கு என்ன, இரும்பு. மாப்பிள்ளை, அவர் வீட்டார் எல்லோரும் நலம்தானே? சமையலறையில் சும்மா நிற்காதே. ஒரு நாள் ரசம் நான் வைக்கிறேன் என்று நீயே கரண்டியை வாங்கு. வேலைக்குப் போவதை அதற்கு மறுநாள் பேசு.

காற்றாலை நிற்கவில்லை. காற்றுக்காலம் முடிகிறது, மெதுவாகச் சுற்றுகிறது. அவ்வளவுதான்.

முடிவைப் பற்றி எழுதியிருந்தாய். உன் போனில் வருவதெல்லாம் ஒரு படமா? அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு முடிவு எடுத்து அனுப்புவார்கள். உனக்குக் கிடைத்தது யாரோ அழுமூஞ்சி ஊருக்காக எடுத்தது. அசல் பிரதி எங்களிடம் இருப்பதுதான். பந்தி, பாயசம், ஏப்பம் எல்லாம் அதில் இருக்கிறது. இங்கே யாரை வேண்டுமானாலும் கேள். எல்லோரும் பார்த்தார்கள். தீனதயாளனை மட்டும் கேட்காதே, அவருக்கு ஞாபகமறதி.

மணையில் உட்கார்ந்த பெண் எழுந்து போகலாமா? முகூர்த்தம் என்னாவது? நீ உட்கார்ந்திருந்ததுதான் சரி.

பதிமூன்றாம் தேதி தாராளமாக வாருங்கள். கேட்டில் என் பெயரைச் சொன்னால் சல்யூட் அடித்துத் திறப்பார்கள். கொஞ்சம் நேரம் ஆனால் வெயிலில் நிற்காதே, புளியமரம் இருக்கிறது. அந்தப் பட்டம் பத்திரமாக இருக்கிறதா? வரும்போது எடுத்துவா. பிரபாகர் முடிச்சில் எங்கே பிசகினான் என்று பார்த்துச் சொல்கிறேன். சடையைத் தளர்வாகப் பின்னிக்கொண்டு வா.

அன்றைக்கும் படம் உண்டு. மாப்பிள்ளைக்கு முன் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு மணிக்குத் தொடங்கிவிடுவார்கள், சாப்பிட்டுவிட்டே வந்துவிடுங்கள். முடிவு என்னவென்று பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. இனிமேல் ஒரு பாட்டைக்கூடத் தள்ளுவதாக இல்லை. எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்த்து ஜன்னலோரம் நிற்கும்,
உன் நிஜ மாமன்
லிங்கசாமி